பால் பைத்தான் மார்ஃப்கள்: பெயர்ச்சீட்டுக்குப் பின்னால் இருக்கும் மரபணுவைப் படிக்கப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பந்து மலைப்பாம்பு என்று நாளிதழ்கள் எழுதும் பால் பைத்தான், கானா, டோகோ, பெனின் முதலிய மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் புல்வெளிகளிலும் வயலோரங்களிலும் எலி வளைகளுக்குள் தங்கி வாழும் சாதுவான பாம்பு. அதன் நிறத்தையும் கோலத்தையும் மாற்றி, "மார்ஃப்" எனப்படும் தோற்ற வகைகளைத் தரும் மரபணுக்களை மையமாகக் கொண்டு அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஒரு பெரிய வளர்ப்புத் தொழிலே உருவாகியிருக்கிறது. அமெரிக்க வளர்ப்பாளர் பாப் கிளார்க் 1992-இல் அல்பினோ நிறம் மரபுவழி இறங்குகிறது என்பதைக் குஞ்சு பொரிக்க வைத்தே நிரூபித்தார். 1997-இல் பீட்டர் கால், உடலில் வெண்ணிறப் பகுதிகள் கொண்ட பைபால்டையும் அவ்வாறே நிரூபித்தார். அதன் பிறகு தனி மரபணுக்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்து, இன்று அவற்றின் சேர்க்கைகள் ஆயிரக்கணக்கில் பெருகிவிட்டன.

இந்தத் துறைக்குள் நுழைபவர்கள் பெரும்பாலும் படங்களைப் பார்த்துப் பெயர்களை மனப்பாடம் செய்வதிலிருந்து தொடங்குகிறார்கள். அது தவறான வாசல் என்பது என் கருத்து. "பேஸ்டல் மொஹாவே, 66 சதவீத பாஸிபிள் ஹெட் கிளவுன்" என்று ஒரு குஞ்சின் பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயர்ச்சீட்டில் பாதி அந்தக் குஞ்சைப் பார்த்து எழுதப்பட்டது. மீதிப் பாதி அதன் தாய் தந்தையரைப் பற்றிய உறுதிமொழி. எந்தப் பாதியைக் கண்ணால் சரிபார்க்கலாம், எந்தப் பாதியை ஆதாரம் கேட்டே நம்ப வேண்டும் என்று பிரித்தறியத் தெரிந்தால், பெயர்கள் தாமாகவே பழகிவிடும்.

இயல்பு நிறத்தில் தொடங்குங்கள்

"நார்மல்" எனப்படும் இயல்பு நிறப் பாம்பைக் கையில் வைத்துச் சிறிது நேரம் பாருங்கள். கரும்பழுப்பு உடலின் பக்கவாட்டில் வெளிர்பழுப்புத் திட்டுகள் வரிசையாக இருக்கும். அத்திட்டுகள் பலவற்றுக்குள் இரண்டு கரும்புள்ளிகள் கண்களைப் போல அமைந்திருப்பதால் வளர்ப்பாளர்கள் அவற்றை "ஏலியன் ஹெட்" என்பார்கள். மொஹாவே மரபணு உள்ள பாம்பில் பல திட்டுகளில் இரண்டு புள்ளிகளுக்குப் பதிலாக ஒரே புள்ளி இருக்கும். இத்தகைய சிறு வேறுபாடுகளைப் பிடிக்க, இயல்பு வடிவம் மனத்தில் பதிந்திருக்க வேண்டும்.

நிறம் எங்கிருந்து வருகிறது என்பதையும் இங்கேயே தெரிந்துகொள்வது நல்லது. கருமையையும் பழுப்பையும் தருவது மெலனின். மஞ்சளைத் தருபவை வேறு வகை நிறச் செல்கள். மெலனின் உருவாகாவிட்டால் மஞ்சள் மட்டும் எஞ்சும், கண் சிவக்கும், அதுதான் அல்பினோ. மஞ்சள் மறைந்தால் கருமையும் சாம்பலும் எஞ்சும், அது அக்ஸாந்திக். இரண்டு குறைகளும் ஒரே பாம்பில் கூடினால் ஏறத்தாழ முழு வெண்மையான "ஸ்னோ" கிடைக்கிறது. பைபால்டின் கதை வேறு. அதன் வெண்ணிறப் பகுதிகளில் நிறச் செல்களே சென்று குடியேறுவதில்லை. 2023-இல் வெளியான ஓர் ஆய்வு இதை டிஃபெக் என்ற மரபணுவோடு தொடர்புபடுத்தியது. வெண்மை எவ்வளவு பரவும் என்பதை எந்த வளர்ப்பாளரும் முன்கூட்டியே உறுதி சொல்ல முடியாது. கழுத்தோரம் மட்டும் வெளுத்த பெற்றோருக்கு, தலையைத் தவிர உடல் முழுவதும் வெளுத்த குஞ்சு பிறப்பது சாதாரணம்.

ஒவ்வொரு மரபணுவும் எவ்வாறு இறங்குகிறது

பெற்றோர் இருவரிடமிருந்தும் ஒவ்வொரு மரபணுவின் ஒரு பிரதி குஞ்சுக்கு வருகிறது. மாறிய பிரதி ஒன்று மட்டும் இருந்தால் என்ன தெரிகிறது, இரண்டும் மாறியிருந்தால் என்ன தெரிகிறது என்ற இரண்டு கேள்விகளே ஒரு மார்ஃபின் வகையைத் தீர்மானிக்கின்றன.

ஒடுங்கு மரபணுவில் ஒரு பிரதி இருந்தால் வெளியே எதுவும் தெரியாது. இரண்டும் இருந்தால்தான் நிறம் வெளிப்படும். அல்பினோ, பைபால்ட், கிளவுன், அக்ஸாந்திக் ஆகியவை இவ்வகை. ஒரு பிரதியை மட்டும் சுமக்கும் பாம்பை "ஹெட்" (ஹெட்டரோசைகஸ் என்பதன் சுருக்கம்) என்றும், நிறம் வெளிப்பட்ட பாம்பை "விஷுவல்" என்றும் அழைக்கிறார்கள்.

முழுமையற்ற ஓங்கு மரபணுவில் ஒரு பிரதியே தோற்றத்தை மாற்றிவிடும். இரண்டு பிரதிகள் சேர்ந்தால் அதைவிட வேறுபட்ட, பெரும்பாலும் தீவிரமான தோற்றம் வரும். சந்தையில் இதைக் "கோடாம்" என்றும், இரு பிரதிப் பாம்பைச் "சூப்பர்" என்றும் சொல்வார்கள். பேஸ்டல், மொஹாவே, சின்னமன், ஃபயர், யெல்லோ பெல்லி எல்லாம் இதில் அடங்கும். யெல்லோ பெல்லியின் ஒரு பிரதி, பழகாத கண்ணுக்கு நார்மலாகவே தோன்றும். வயிறும் விலாவும் சேருமிடத்தில் ஓடும் கட்டம்கட்டமான கோலத்தையும் சற்றே பளிச்சென்ற நிறத்தையும் வைத்துத்தான் அடையாளம் காண வேண்டும். ஆனால் அதன் சூப்பரான ஐவரி, முதுகில் மங்கிய மஞ்சள் கோடு ஒன்று ஓடும் தந்த நிறப் பாம்பு.

மூன்றாவது, முழு ஓங்கு மரபணு. ஒரு பிரதி இருந்தாலும் இரண்டு இருந்தாலும் தோற்றம் ஒன்றே. பின்ஸ்ட்ரைப்பை இதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள்.

கட்டம் போட்டுப் பழகுங்கள்

பள்ளிப் பாடத்தில் பட்டாணிச் செடிக்கு வரைந்த அதே புன்னட் கட்டம்தான் இங்கும். கிளவுன் ஹெட் ஒன்றை இன்னொரு கிளவுன் ஹெட்டோடு சேர்த்தால், ஒவ்வொரு முட்டைக்கும் கால் பங்கு வாய்ப்பு விஷுவல் கிளவுனுக்கு, அரைப் பங்கு ஹெட்டுக்கு, கால் பங்கு மரபணுவே இல்லாத நார்மலுக்கு. புதியவர்கள் தடுமாறுவது இதற்கு அடுத்த இடத்தில். "நான்கு முட்டையில் ஒன்று நிச்சயம் கிளவுன்" என்று கணக்குப் போடுகிறார்கள். வாய்ப்பு முட்டைக்கு முட்டை தனித்தனியானது. முந்தைய முட்டையில் என்ன நடந்தது என்பது அடுத்த முட்டைக்குத் தெரியாது. பால் பைத்தான் ஒரு முறைக்குச் சராசரியாக ஆறேழு முட்டைகளே இடும் பாம்பு. ஆறு முட்டைகளில் ஒன்றுகூடக் கிளவுனாக இல்லாமல் போக ஏறத்தாழ 18 சதவீத வாய்ப்பு இருக்கிறது. ஏறக்குறைய ஐந்தரை முறைக்கு ஒரு முறை ஏமாற்றம் என்பது பெரிய ஆபத்து.

இரண்டு ஒடுங்கு மரபணுக்களை ஒரே பாம்பில் கொண்டுவர நினைத்தால் நிலைமை இன்னும் கடினம். இரண்டுக்கும் ஹெட்டான ஆணையும் பெண்ணையும் சேர்த்தால், இரண்டும் வெளிப்பட்ட குஞ்சுக்கான வாய்ப்பு முட்டைக்குப் பதினாறில் ஒன்று. ஆறு முட்டைகளில் அப்படி ஒன்றாவது கிடைக்கும் வாய்ப்பு 32 சதவீதம்தான். அதாவது மூன்றில் இரண்டு முறை வெறுங்கை.

இதற்கு மாறாக, விஷுவல் கிளவுன் ஆணை ஹெட் பெண்ணோடு சேர்த்தால் முட்டைக்கு அரைப் பங்கு வாய்ப்பு. ஆறு முட்டைகளில் எதுவுமே கிளவுனாகாமல் போகும் வாய்ப்பு இரண்டு சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடுகிறது. தவிர, கிளவுனாகாத குஞ்சுகள் அனைத்தும் சந்தேகத்துக்கு இடமில்லாத ஹெட்கள். ஆண் பாம்பு 600, 700 கிராம் எடையில், ஏறக்குறைய ஒரு வயதிலேயே இணைசேரத் தயாராகும். பெண் 1,500 கிராம் எடையை எட்ட மூன்று ஆண்டுகள் வரை ஆகலாம். ஓர் ஆணைப் பல பெண்களோடும் சேர்க்கலாம். ஆகவே கையிலிருக்கும் பணத்தின் பெரும்பகுதியை விஷுவல் ஆணுக்குச் செலவிட்டு, பெண்ணை ஹெட்டாக வாங்குவதே தொடக்கக்காரருக்கு நான் சொல்லும் வழி.

சதவீதம் போட்ட ஹெட்டின் உண்மை விலை

ஹெட்டும் ஹெட்டும் சேர்ந்த ஈட்டில் (ஒரே முறை இட்ட முட்டைகளில்) நார்மல் போலத் தெரியும் குஞ்சுகளில் மூன்றில் இரண்டு ஹெட். எவை என்று பார்த்துச் சொல்ல இயலாது. எனவே அத்தனைக்கும் "66 சதவீத பாஸிபிள் ஹெட்" என்று எழுதுகிறார்கள். ஹெட்டும் நார்மலும் சேர்ந்து பிறந்தவை "50 சதவீத பாஸிபிள் ஹெட்". பெற்றோரில் ஒன்று விஷுவலாக இருந்தால், நார்மல் போலத் தெரியும் அதன் குஞ்சுகள் நூறு சதவீத ஹெட். பாஸிபிள் ஹெட் எனும் பாம்பு மூன்றில் இரண்டு பங்கு மரபணுவைச் சுமக்கிறது என்று பொருளில்லை. அது முழு ஹெட், அல்லது ஹெட்டே இல்லை.

பைபால்ட் ஹெட்களில் சிலவற்றைத் திருப்பிப் பார்த்தால், கழிவாய்க்கு அருகே வயிற்றின் இரு ஓரங்களிலும் இணையாக ஓடும் கருங்கோடுகள் தெரியும். விற்பவர்கள் அதைக் காட்டி "மார்க்கர் இருக்கிறது, கட்டாயம் ஹெட்தான்" என்பார்கள். அதே கோடுகள் பைபால்டோடு தொடர்பே இல்லாத பாம்புகளிலும் உண்டு. கோடே இல்லாத ஹெட்களும் உண்டு. அந்தக் கோட்டுக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம்.

ஐயத்தைத் தீர்க்கும் பழைய வழி, பாஸிபிள் ஹெட்டை ஒரு விஷுவலோடு சேர்த்துப் பார்ப்பது. ஒரு விஷுவல் குஞ்சு பிறந்தாலும் ஹெட் என்பது உறுதி. பிறக்காவிட்டால் ஐயம் குறையுமே தவிர முற்றிலும் தீராது: 66 சதவீத பாஸிபிள் ஹெட்டுக்கு நான்கு முட்டைகளில் விஷுவல் வராவிட்டால் அது ஹெட்டாக இருக்க இன்னும் 11 சதவீத வாய்ப்பு உண்டு, ஆறு முட்டைகளிலும் வராவிட்டால் அது மூன்று சதவீதமாகக் குறைகிறது. இப்போது வேறு வழியும் இருக்கிறது. 2022-இல் கிழக்கு மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், வளர்ப்பாளர்கள் அனுப்பிவைத்த உரித்த சட்டைகளிலிருந்தே மரபணுப் பொருளை எடுத்து, அல்பினோ, லாவெண்டர் அல்பினோ, அல்ட்ராமெல் ஆகிய மூன்று மார்ஃப்களுக்கும் காரணமான மரபணுக்களைக் கண்டறிந்து வெளியிட்டார்கள். அமெரிக்காவில் தனியார் ஆய்வகங்கள் கிளவுன், பைபால்ட் முதலான மரபணுக்களுக்குச் சட்டைத் துண்டை வைத்தே பரிசோதனை செய்து தருகின்றன. சோதனை இருக்கும் மரபணுவுக்குப் "பாஸிபிள்" என்று எழுதியே விற்பவரிடம், சோதனை ஏன் செய்யவில்லை என்று கேட்பதில் தவறில்லை.

ஒரே இடத்துக்குப் போட்டியிடும் மரபணுக்கள்

பெயர் வேறு என்பதால் மரபணுவின் இடமும் வேறு என்று நினைத்துவிடக் கூடாது. லெஸ்ஸர், மொஹாவே, பட்டர், ரூஸ்ஸோ, ஃபாண்டம், மிஸ்டிக் ஆகியவை ஒரே மரபணுவின் மாற்றங்கள். அந்த இடத்தில் ஒரு பாம்புக்கு இரண்டே இருக்கைகள். லெஸ்ஸரையும் மொஹாவேயையும் சேர்த்தால் கால் பங்கு குஞ்சுகள் இரண்டு இருக்கைகளிலும் மாறிய பிரதிகளோடு, நீலக் கண்ணும் வெள்ளை உடலுமாகப் பிறக்கும். இந்த வெள்ளைப் பாம்பை நார்மலோடு சேர்த்தால் பாதிக் குஞ்சுகள் லெஸ்ஸர், பாதி மொஹாவே. வெள்ளைக் குஞ்சும் பிறக்காது, நார்மலும் பிறக்காது. வெள்ளைப் பாம்பு வாங்கினால் வெள்ளைக் குஞ்சு வரும் என்று எதிர்பார்ப்பவர்கள் இதைக் கட்டம் போட்டு ஒரு முறை பார்க்க வேண்டும். யெல்லோ பெல்லியும் இத்தகைய ஒரு குழுவின் உறுப்பினர்தான்: ஸ்பெக்டரோடு சேர்ந்தால் சூப்பர் ஸ்ட்ரைப், ஸ்பார்க்கோடு பூமா, கிராவலோடு ஹைவே, ஆஸ்ஃபால்ட்டோடு ஃப்ரீவே.

இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. தோற்றம் ஒன்றாக இருந்தும் மரபணு வேறாக இருப்பது. அல்பினோவுக்குக் காரணம் டைரோசினேஸ் மரபணு. லாவெண்டர் அல்பினோவுக்குக் காரணம் ஓ.சி.ஏ.2 என்ற வேறொரு மரபணு. இந்த இரண்டு வெளிர் பாம்புகளையும் சேர்த்தால் குஞ்சுகள் அத்தனையும் நார்மல் தோற்றத்தில், இரண்டுக்கும் ஹெட்டாகப் பிறக்கும். ஆனால் அல்பினோவைக் கேண்டி என்ற மார்ஃபோடு சேர்த்தால், இரண்டும் ஒரே டைரோசினேஸின் மாற்றங்கள் என்பதால், குஞ்சுகள் வெளிர் நிறத்தில்தான் வரும். அக்ஸாந்திக்கில் இந்தக் குழப்பம் அதிகம். வி.பி.ஐ. வரிசை, டி.எஸ்.கே. வரிசை என்று வளர்ப்பாளர் பெயரில் வழங்கும் பல வரிசைகள் ஒன்றோடொன்று பொருந்தாதவை. வரிசையின் பெயர் எழுதாத அக்ஸாந்திக் ஹெட்டை, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், இனப்பெருக்கத்துக்கு வாங்காதீர்கள்.

பனானாவில் ஆண் பெண் பாலினமும் சேர்ந்து இறங்கும்

பனானா அல்லது கோரல் குளோ எனப்படும் மஞ்சள் மார்ஃபின் மரபணு, ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிக்கும் பால் குரோமோசோமில் இருக்கிறது. பாம்புகளில் பெண்தான் இருவேறு பால் குரோமோசோம்களைக் கொண்டது என்று நெடுங்காலமாகப் பொதுவாகக் கருதப்பட்டு வந்தது. போவாவிலும் மலைப்பாம்பிலும் மனிதரைப் போல ஆணுக்கே எக்ஸ், ஒய் என்ற அமைப்பு இருக்கிறது என்று 2017-இல் ஓர் ஆய்வு காட்டியது. அதற்கு வலுச் சேர்த்த சான்றுகளில் ஒன்று, வளர்ப்பாளர்கள் பல ஆண்டுகளாகக் கவனித்து வந்த இந்தப் பனானாவின் விசித்திரமான இறக்கம்.

நடைமுறையில் இதன் பொருள் இதுதான். தந்தையிடமிருந்து பனானாவைப் பெற்ற ஆண், அதை ஒய்யில் சுமப்பதால், அதன் பனானாக் குஞ்சுகள் பெரும்பாலும் ஆண்களாகவே இருக்கும். இதனை "மேல் மேக்கர்" என்பார்கள். தாயிடமிருந்து பெற்ற ஆண் அதை எக்ஸில் சுமப்பதால் அதன் பனானாக் குஞ்சுகள் பெரும்பாலும் பெண்கள். இது "ஃபீமேல் மேக்கர்". பெண் பனானாவோ இரு பாலுக்கும் சமமாகக் கொடுக்கும். குரோமோசோம்கள் பகுதிகளைப் பரிமாறிக்கொள்ளும்போது இந்த விதி சில குஞ்சுகளில் மாறுவதும் உண்டு. எனவே பனானா ஆணை வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, மரபணு தாய் வழியா தந்தை வழியா என்பதே.

நிறத்தோடு சேர்ந்து வரும் குறைகள்

ஸ்பைடர் மார்ஃப் 1999-இல் நிரூபிக்கப்பட்டது. மெல்லிய கருங்கோடுகள் வலைப்பின்னலாக ஓடும் அழகான பாம்பு. ஆனால் ஸ்பைடர் மரபணு உள்ள பாம்புகளுக்குத் தலை ஆட்டமும் சமநிலைக் கோளாறும் உண்டு. சிலவற்றில் லேசாக, சிலவற்றில் இரையைக் குறிபார்த்துக் கவ்வ முடியாத அளவுக்கு. 2022-இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் நுண் சி.டி. ஸ்கேன் மூலம் இவற்றின் உள்காது உருக்குலைந்திருப்பதைக் காட்டினார்கள். கோலத்தை வைத்துக்கொண்டு ஆட்டத்தை மட்டும் நீக்க, இத்தனை ஆண்டுத் தேர்வுமுறை இனப்பெருக்கத்தால் முடியவில்லை. "என்னிடம் இருக்கும் வரிசையில் ஆட்டம் கிடையாது" என்ற பேச்சை நான் நம்புவதில்லை. புதியவர்கள் ஸ்பைடரை இனப்பெருக்கத்துக்கு எடுக்க வேண்டியதே இல்லை.

கவனிக்க வேண்டியது, சேர்க்கைப் பெயர்கள் இந்த மரபணுவை மறைத்துவிடுகின்றன என்பது. பம்பிள்பீ என்றால் பேஸ்டலும் ஸ்பைடரும் சேர்ந்தது. கில்லர் பீ என்றால் சூப்பர் பேஸ்டலும் ஸ்பைடரும். செல்லப்பெயர் எதுவாக இருந்தாலும் அதிலுள்ள மரபணுக்களை ஒவ்வொன்றாக எழுதித் தரச் சொல்லுங்கள். சாம்பெயினிலும் இத்தகைய ஆட்டம் உண்டு. அதன் சூப்பர் உயிர் பிழைப்பதில்லை. சூப்பர் சின்னமனிலும் சூப்பர் பிளாக் பேஸ்டலிலும் மூக்கு தட்டையாவதும் முதுகெலும்பு வளைவதும் நேரலாம். சூப்பர் லெஸ்ஸரில் கண் பிதுங்கலாம். கேரமல் அல்பினோவில் முதுகெலும்பு வளைவு வருவதுண்டு. டெசர்ட் பெண்கள் முட்டையிடுவதில் சிக்கலுக்கு உள்ளாகின்றன. ஜோடி சேர்ப்பதற்கு முன் கட்டத்தை வரைந்து, இவற்றில் ஏதாவது கால் பங்கில் வருகிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

வாங்குவதும் பதிவு வைப்பதும்

பால் பைத்தான், காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் உள்ள இனம். இந்தியாவில் 2022-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத் திருத்தமும் 2024-ஆம் ஆண்டின் விதிகளும், இத்தகைய உயிரினங்களை வைத்திருப்பவர்கள் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையத்தளத்தில் பதிவு செய்வதையும், பிறப்பு இறப்புகளைத் தெரிவிப்பதையும் கட்டாயமாக்கியிருக்கின்றன. பெட்டிக்குள் மறைத்துக் கொண்டுவரப்பட்ட பால் பைத்தான்களைச் சென்னை விமான நிலையச் சுங்கத்துறை பலமுறை பறிமுதல் செய்திருக்கிறது. ஆவணம் இல்லாத பாம்புக்குச் சட்டத்தின் துணையும் இல்லை, பெற்றோர் வரலாறும் இல்லை. அதன் பெயர்ச்சீட்டில் எழுதியிருக்கும் ஹெட் அனைத்தும் வெறும் எழுத்து.

விற்பவரிடம் பெற்றோர் இருவரின் படங்களையும் மரபணுக்களையும், அதே ஈட்டில் பிறந்த மற்றக் குஞ்சுகளின் படங்களையும் கேளுங்கள். உடன்பிறந்தவை சொல்லும் செய்தி ஏராளம்: ஹெட் கிளவுன் என்று விற்கப்படும் குஞ்சின் உடன்பிறப்பு ஒன்று விஷுவலாக இருந்தால், பெற்றோர் இருவருமே அந்த மரபணுவைச் சுமப்பவர்கள் என்பது அங்கேயே உறுதியாகிவிடுகிறது. பேஸ்டல் போன்ற மார்ஃப்கள் குஞ்சுப் பருவத்தில் பளபளத்து, வளர வளரப் பழுப்பேறுவதால், வளர்ந்த பெற்றோரின் அண்மைப் படத்தைக் கேட்டு வாங்குவது நல்லது.

நீங்களே குஞ்சு பொரிக்கத் தொடங்கினால், எந்த ஆண் எந்தப் பெண்ணோடு எந்தத் தேதியில் சேர்ந்தது என்பதை அன்றன்றே எழுதுங்கள். பெண் பாம்பு விந்தணுவை உடலுக்குள் சேமித்து வைக்கக்கூடியது. ஒரே பருவத்தில் இரண்டு ஆண்களோடு சேர்த்தால் குஞ்சுகளின் தந்தை யார் என்பதில் ஐயம் வந்துவிடும். முட்டைகள் 31, 32 டிகிரி செல்சியஸில் ஏறக்குறைய இரண்டு மாதங்களில் பொரிந்ததும், ஒவ்வொரு குஞ்சுக்கும் ஓர் எண் கொடுத்து, முதல் சட்டை உரித்த பிறகு மேலிருந்தும் பக்கவாட்டிலும் வயிற்றுப் பக்கத்திலும் படம் எடுங்கள். அந்தச் சட்டையை நன்றாக உலர்த்தி, எண்ணை எழுதிய தாள் உறையில் போட்டு வையுங்கள். குஞ்சு கைமாறிய பிறகு மார்ஃபைப் பற்றிக் கேள்வி எழுந்தால், ஆய்வகத்துக்கு அனுப்ப அதிலிருந்து ஒரு துண்டு போதும்.